சிவப்பு நெயில் பாலிஷ் வைத்த திருகு

சரவணா,

ஒரே வீட்டில், சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவனுக்குக் கடிதம் எழுதுவது எனக்கே கூச்சமாகத்தான் இருக்கிறது. முதலில் அதற்கு மன்னித்துக்கொள். நேரில் சொல்லிவிடலாம் என்று இந்த வாரம் முழுக்கப் பார்த்தேன். உனக்குத் தோசை வைக்கும்போது வாயைத் திறந்தேன். துணி மடிக்கும்போதும் திறந்தேன். இரண்டு முறையும் "சட்னி போதுமா", "இந்தச் சட்டைக்குப் பொத்தான் இல்லை" என்பது போல ஏதோதான் வந்தது. என் பேச்சு அப்படித்தான் என்பது உனக்குத் தெரியும். ஆனால் நான் எழுதுவதற்கு அது மட்டும் காரணமில்லை. உன் நைனா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போது, அவருக்கு எதிரிலேயே, என் வழக்கமான மெல்லிய குரலில் நான் உன்னிடம் எல்லாவற்றையும் பேசிவிடலாம். அவருக்குக் கேட்காது. அந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ள மனம் வரவில்லை. அதனால்தான் காகிதம்.

உன் நைனாவுக்குக் காது மந்தமாகிவிட்டது. அது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நாம் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதில்லை. அதற்காகத்தான் நீ கோயம்புத்தூர் வேலையை வேண்டாம் என்று சொல்லப்போகிறாய் என்பதும் எனக்குத் தெரியும். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது அவர் கேட்டார், "இன்னாடா, கோயம்புத்தூர்க்காரன் இன்னா சொன்னான்?" நீ தட்டைப் பார்த்துக்கொண்டு, "வேலை குட்த்துட்டான் நைனா. நாந்தான் வேணான்னு சொல்லலாம்னு கீறேன். அந்த ஊரு குளிரு நமக்கு ஒத்துக்காது" என்றாய். நீ தலை குனிந்திருந்ததால் அவருக்குப் பாதிதான் புரிந்தது. உன் முகவாயைத் தொட்டு நிமிர்த்தி இன்னொரு முறை சொல்ல வைத்தார். அப்புறம் சிரித்தார். "கரெக்டுதான். மார்கழி மாசத்துக்கே போர்வைய வுட்டு வர மாட்டான், இவன் எங்க மலையடிவாரத்துக்குப் போறது." சொல்லிவிட்டு, தன் தட்டில் இருந்த வஞ்சிர மீனின் நடுத் துண்டை எடுத்து உன் தட்டில் வைத்தார். மகன் கூடவே இருக்கப் போகிறான் என்ற சந்தோஷம் அது. நான் ரசம் எடுக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விட்டேன்.

உனக்குப் பன்னிரண்டு வயதாக இருந்தபோது நான் உன் நைனாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தேன். எண்ணூரில் எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். கல்லூரியில் வரவு செலவுக் கணக்கு கற்றிருந்தேன். தாயில்லாப் பிள்ளையிடம் எப்படிப் பேசுவது என்பதை யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. நீயும் பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டாய், பள்ளிக்கூடம் போனாய், வந்தாய். அந்த வருஷக் கடைசியில்தான் அந்தப் பெரிய புயல் அடித்தது. கல்மண்டபம் பக்கம் ஒரு தெரு விடாமல் மரம் விழுந்து கிடந்தது. அதுவரைக்கும் உன் நைனா படகு இஞ்சின் மட்டும் பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக். பழைய இரும்புக் கடையில் மரம் அறுக்கிற செயின்சா ஒன்றை எடைக்கு வாங்கிவந்தார். ஏதோ ஒரு தேயிலைத் தோட்டத்தில் கழித்துப்போட்ட மிஷின். சிவப்பு நிறம் என்பது சுரண்டிப் பார்த்தால்தான் தெரிந்தது. "டூ ஸ்ட்ரோக்கு தானே, நம்ம போட்டு இஞ்சினுக்குச் சித்தப்பா புள்ள" என்று சொல்லி ஒரே நாளில் பிரித்து மாட்டினார். பெட்ரோலில் கலக்கிற ஆயிலும் படகுக்கு ஊற்றுகிற ஆயில்தான்.

தெரு முனையில் விழுந்திருந்த தூங்குமூஞ்சி மரத்தில் அதைப் போட்டு அறுத்த காட்சி உனக்கு நினைவிருக்கும். மரம் தெரியாத அளவுக்குப் புகை. மீன் கூடையோடு போன அக்காமார் நின்றுவிட்டார்கள். "மாமு, மரம் அறுக்க வந்தியா, கொசு மருந்து அடிக்க வந்தியா?" என்று யாரோ கத்த, தெருவே சிரித்தது. பாதி மரம் தாண்டவில்லை, மிஷின் கீச்சென்று இறுகி நின்றுவிட்டது. இன்னொருவராக இருந்தால் அதைத் துணியில் சுற்றிக்கொண்டு போயிருப்பார். அவர் அங்கேயே நடுத்தெருவில் குந்திப் பிரித்தார். பிஸ்டனில் பூனை பிறாண்டியது போல் கோடுகள். அதைத் தூக்கி எல்லாருக்கும் காட்டினார். "பாருங்கடா, போட்டு இஞ்சினுக்குக் கடலே தண்ணி ஊத்துது. இதுக்குக் காத்து மட்டுந்தான். சூடு தாங்குற ஆயிலு வேற வேணும். இத்த யோசிக்காம வுட்டது யாரு? நாந்தான்." அந்தப் பிஸ்டனைத் தன் ரிப்பேர் கடை வாசலில் ஆணியடித்து மாட்டினார். யார் கேட்டாலும் அவரே கதை சொல்வார். அன்றைக்குத்தான் எனக்கு இந்த மனிதரிடம் பயம் விட்டுப்போனது.

அதற்குப் பிறகு பழைய செயின்சாக்கள் வர ஆரம்பித்தன. துறைமுகத்துப் பக்கம் மரக் கிடங்குகளில் இருந்து, காசிமேட்டில் படகு கட்டுகிற இடத்தில் இருந்து, கழித்துப்போட்ட சாமான் ஏலம் எடுக்கிறவர்களிடம் இருந்து. முப்பது நாற்பது வருஷத்து மிஷின்கள், தூக்கினால் தோள் இறங்கும். ஒரு மழை நாளில் என் சமையலறைக் குண்டானில் கறுப்பாக ஏதோ ஊறிக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெயில் போட்ட செயின். நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்துவிட்டு, நீ முதல் முறையாக என்னிடம் நீளமாகப் பேசினாய். "அது சோத்து குண்டான் இல்ல சித்தி. பேஜாராவாத. இனிமே அது வொர்க்‌ஷாப்பு குண்டான்." நான் சிரித்துவிட்டேன், நீயும் சிரித்தாய். அன்று மாலை கடையில் என்னைப் பக்கத்தில் நிறுத்தி, மிஷின் சத்தத்தை எப்படிக் கேட்க வேண்டும் என்று சொன்னாய். மரத்தில் வைக்காமல் சும்மா காற்றில் முழு வேகத்தில் விட்டால் கொஞ்சம் திக்க வேண்டும், மரத்துக்குள் இறங்கினதும் திக்கல் போய்த் தெளிவாகப் பாட வேண்டும். காற்றிலேயே தெளிவாகப் பாடினால் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம், பிஸ்டன் வெந்துவிடும். எனக்கு அந்த விஷயம் பிடித்துப்போனது. அன்றிலிருந்து கடை வழியாகப் போகும்போதெல்லாம் எனக்கும் காது அங்கே நின்றுவிடும்.

நம் வீட்டு நெயில் பாலிஷ் கதையும் அந்தக் காலத்ததுதான். "இன்னாமே, இத்த நீ போடப்போறியா?" என்று கூச்சத்தோடு கேட்டு என் சிவப்பு பாட்டிலை எடுத்துக்கொண்டு போனார் உன் நைனா. கார்புரேட்டரில் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிற சின்னத் திருகைச் சரியான இடத்தில் நிறுத்தியதும் அதன் மேல் ஒரு சொட்டு வைப்பார். வேறு யாராவது திருகினால் பூச்சு உடைந்து காட்டிக்கொடுக்கும். "இது என் கையெழுத்து" என்பார். சிவப்புச் சொட்டு வைத்த மிஷின் என்றால் காசிமேட்டில் பேச்சே இல்லாமல் எடுத்துக்கொண்டு போவார்கள்.

அவர் காது எப்போது குறைய ஆரம்பித்தது என்று என்னால் சொல்ல முடியாது. கப்பல் ஊதுவது கேட்கிறது. லாரி கேட்கிறது. குக்கர் விசில் கேட்பதில்லை, போன் மணி கேட்பதில்லை. முதலில் எல்லாம் "ஆங்? ஆங்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கவலைப்பட ஆரம்பித்தது அவர் அப்படிக் கேட்பதை நிறுத்திய பிறகுதான். எல்லாரும் சிரித்தால் அவரும் சிரிப்பார். கல்யாண வீடுகளுக்கு "நீ போய்ட்டு வாமே, எனக்கு முட்டி வலி" என்பார். அப்படிச் சொல்கிறவர் மிஷினைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறார்.

இந்த மார்கழியில் உன் பேன்டைத் துவைக்க எடுத்தபோது பையில் ஒரு நெயில் பாலிஷ் பாட்டில் இருந்தது. புதுசு, அதே சிவப்பு. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பையனுக்கு ஒரு பெண் கிடைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். எந்த ஊர்ப் பெண்ணோ, என்னை ஏற்றுக்கொள்வாளோ என்றெல்லாம் பஸ்ஸில் போகும்போது யோசித்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். பிறகு ஒரு சாயங்காலம் திருவொற்றியூர் ஆபீஸில் இருந்து சீக்கிரம் கிளம்பிக் கடைக்கு வந்தேன். உன் நைனா டீ குடிக்கப் போயிருந்தார். நீ எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அவர் முடித்து வைத்திருந்த மிஷினில் சிவப்புச் சொட்டைப் பிளேடால் சுரண்டி எடுத்தாய். திருகைக் கொஞ்சம் வெளியே விட்டாய். ஸ்டார்ட் பண்ணினாய். காற்றில் அது திக்குகிற வரைக்கும் தலையைச் சாய்த்துக் கேட்டாய். அப்புறம் உன் பையில் இருந்து பாட்டிலை எடுத்து, அவர் வைக்கிற மாதிரியே ஒரு சொட்டு வைத்து, வாயால் ஊதிக் காயவைத்தாய். நான் அப்படியே திரும்பி கடற்கரை ரோட்டில் ஒரு சுற்று நடந்துவிட்டு, பிறகு புதிதாக வருகிறவள் போல வந்தேன். நீ "இன்னா சித்தி, இன்னிக்கு லேட்டு" என்றாய்.

அவர் ஏன் தப்பாகத் திருகுகிறார் என்று நான் யோசித்துப் பார்த்தேன். அவருக்கு எல்லாச் சத்தமும் போர்வைக்குள் இருந்து வருகிற மாதிரி மந்தமாகக் கேட்கிறது. மந்தம் தன் காதில் என்று அவருக்குத் தெரியாது. மிஷின்தான் மந்தமாக ஓடுகிறது, பெட்ரோல் அதிகமாகப் போகிறது என்று நினைத்துத் திருகை மூடுகிறார். அவருக்குத் தெளிவாகக் கேட்கிற நேரத்தில் மிஷின் பசியில் கிடக்கிறது. அவர் கற்றதை எதையும் மறக்கவில்லை, கை நடுங்கவும் இல்லை. இதை நினைக்கும்போதுதான் எனக்கு அழுகை வருகிறது.

நீ செய்ததை நான் குறை சொல்லவில்லை. உன் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் அதையேதான் செய்திருப்பேன், உன்னளவு நேர்த்தியாக அல்ல. ஆனால் போன வாரம் காசிமேட்டில் படகு கட்டுகிற மேஸ்திரி அண்ணன் என்னை பஸ் ஸ்டாப்பில் நிறுத்தினார். "தங்கச்சி, ஒண்ணு சொன்னா கோச்சுக்க மாட்டியே?" என்று ஆரம்பித்தார். "பையன் ஊருக்குப் போறானாமே. அண்ணாத்த ட்யூன் பண்ண மிஷினு பையன் கை படாம வந்தா நாலு கட்டை தாங்க மாட்டேங்குது. தெருவுல அல்லாருக்கும் தெரியும். யாரு சொல்றது? நான் சொல்லி அவரு மூஞ்சி வாடிச்சின்னா, அத்த நான் பாக்கணுமா?" அப்புறம்தான் ஏழுமலை விஷயத்தைச் சொன்னார்.

நீ கோயம்புத்தூருக்கு இன்டர்வியூ போயிருந்தபோது ஒரு மிஷின் உன் கை படாமல் அவர்கள் இடத்துக்குப் போனது. மரம் அறுக்கிற ஏழுமலை கையில் அது இறுகி நின்றது. நீ வந்ததும் உன்னிடம் ரகசியமாகக் கொடுத்திருக்கிறார்கள். உன் நைனா பார்த்துவிட்டார். அவர் கேட்டபோது நீ "ஆயில் கலக்காம ஓட்டிட்டானுங்க நைனா" என்று சொல்லியிருக்கிறாய். வேறு என்ன சொல்வாய்? ஆனால் அவர் நேராகக் காசிமேட்டுக்குப் போய்விட்டார். "ஏண்டா, ஆயிலு ஊத்தாம ஓட்னியா? மிஷினு இன்னா உங்க மாமியார் வூட்டு சீதனமா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டாராம். ஏழுமலை மேஸ்திரியைப் பார்த்தானாம். மேஸ்திரி கீழே குனிந்துகொண்டாராம். "தப்புதாண்ணா" என்று சொல்லிவிட்டானாம் அவன். அளந்து ஆயில் கலக்கிறவன் அவன். உன் நைனா வீட்டுக்கு வந்து, "கண்டிச்சு வெச்சாத்தான் பசங்க ஒழுங்கா இருப்பானுங்க" என்று என்னிடம் பெருமையாகச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. அன்றைக்கு நானும் தலையாட்டினேன். தன் பிஸ்டனைத் தெருவில் தூக்கிக் காட்டின மனிதர், தன் தப்புக்கு இன்னொருவனைத் திட்டிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்திருந்தார். அவரை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தது நம் எல்லாருடைய பாசம்.

கல்லூரியில் முதல் வருஷம் எனக்கு ஆங்கிலத்தில் நடக்கிற பாடம் ஒன்றுமே புரியாது. ஆசிரியைகளுக்கு அது தெரிந்துவிட்டது. நல்லவர்கள். கேள்வி கேட்டுக்கொண்டே வரிசையாக வருவார்கள், என் பக்கத்தில் வந்ததும் என்னைத் தாண்டி அடுத்தவளிடம் போய்விடுவார்கள். என்னைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று. வகுப்பில் எல்லாருக்கும் தெரியும். எனக்கு மட்டும் கொஞ்ச நாள் தெரியாது. நான் நன்றாகச் சமாளிக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது தெரியவந்த நாளில் எனக்கு வந்த அவமானம், தப்பான பதில் சொல்லித் திட்டு வாங்கியிருந்தால் வந்திருக்காது. ஒரு மனிதரைச் சுற்றி எல்லாரும் இரக்கத்தோடு மௌனமாக இருப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அவருக்கு அது தெரியவரும் நாள், யாரோ ஒரு புதிய ஆள் கடை வாசலில் கத்துகிற நாளாக இருக்கக் கூடாது.

வேலைக்குப் போ, சரவணா. பழைய மிஷினைப் பார்த்தாலே உனக்குக் கண் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். துருப்பிடித்து வந்த ஒன்றை நீ மூன்று வாரம் சுத்தம் செய்து, ரப்பர் சவ்வு மாற்றி, தீப்பொறி தருகிற பாயிண்ட்டைத் தேய்த்து, முதல் இழுப்பில் அது உயிர் பெற்றதும், ஒரு நொடி கண்ணை மூடிக்கொள்வாய். அந்த வேலையைக் கோயம்புத்தூரில் ஒரு நிறுவனம் உனக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்கிறது. இங்கே அப்பாவின் திருகைத் திருட்டுத்தனமாகத் திருத்துவதற்காக நீ அதை விடக் கூடாது. அங்கே போனதும் ஒழுங்காகச் சாப்பிடு. செயினை நிறுத்துகிற பிரேக் இல்லாத பழைய மிஷினை எடுக்கும்போது காலை எங்கே வைத்திருக்கிறாய் என்று பார்த்துக்கொள். சத்தத்தை அடக்கக் காதுக்கு மாட்டுகிறதை மாட்டிக்கொள்; கூட வேலை செய்கிறவன் கிண்டல் பண்ணினாலும் மாட்டிக்கொள். நைனா ஒரு நாளும் மாட்டியதில்லை.

கடையைப் பற்றிக் கவலைப்படாதே. பெட்ரோல் சரியாக எரிகிறதா என்று ப்ளக்கின் நிறத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குக் கண் இருக்கிறது. மிஷின் மரத்தில் இறங்கும்போது பிடியில் வருகிற அதிர்வைச் சொல்ல அவருக்குக் கை இருக்கிறது. இஞ்சின் எத்தனை சுற்று ஓடுகிறது என்று காட்டும் சின்ன மீட்டரைப் பற்றி நீ போனில் பார்த்துக்கொண்டிருந்ததை நானும் எட்டிப் பார்த்தேன். காதுக்கு வைக்கிற மிஷின் பற்றி ஆபீஸில் விசாரித்துவிட்டேன். எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. அந்த வழிகள் எல்லாம் அவர் தெரிந்துகொண்ட பிறகுதான் ஆரம்பிக்கும்.

நான் சொல்லிப் பார்க்காமல் இல்லை. "ஒரு தடவை காது டாக்டர்கிட்ட காட்டிட்டு வரலாங்க" என்றேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "காதுக்கு இன்னாமே? நீ பேசறது எறும்பு பேசற மாதிரி கீது. டாக்டரு உனக்குத்தான், தொண்டை டாக்டரு." இரண்டு பேரும் சிரித்தோம். இந்த விஷயத்தில் என் சாட்சி செல்லாது. நான் பேசுவது யாருக்குமே கேட்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். மேஸ்திரி சொல்ல மாட்டார். ஏழுமலை சொல்ல மாட்டான். சத்தத்தைப் பற்றி அவர் நம்புகிற ஒரே காது உன்னுடையது.

அதனால் கேட்கிறேன். ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால், காது விஷயத்தையும் திருகு விஷயத்தையும் அவரிடம் நீயே சொல்லிவிடு. ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் இல்லாத நேரத்தில். நானும் வந்து நிற்கிறேன். பேச மாட்டேன், ஆனால் நிற்பேன். எல்லா மிஷினையும் அணைத்துவிடு. அவருக்கு எதிரே உட்கார்ந்து, உன் வாய் அவருக்குத் தெரிகிற மாதிரி, குனியாமல், அழாமல், நிதானமாக, உரக்கச் சொல். ஒரே தடவையில் அவருக்குக் கேட்டுவிட வேண்டும் கண்ணு. அதை அவர் திருப்பிக் கேட்டு, நீ இரண்டாவது தடவை சொல்லும்படி வைத்துவிடாதே.

உன் சித்தி